மார்பில் கட்டி: ஆபரேஷனுக்கு முன் தம்பதியர் தெரிந்துகொள்ள வேண்டியவை



குடும்ப நலம் என்றதும் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, கருத்தடை இவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வீட்டுத் தாய் படுத்துவிட்டால் குடும்ப நலம் ஏது? இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடத்தில் நிற்பது மார்பகப் புற்றுநோய். கல்வராயன் மலையிலும், கீழே கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துக் கிராமங்களிலும் இந்த நோய் இருக்கிறது. பேசத்தான் கூச்சம்.

"இது புற்றுநோய்தான், ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்று டாக்டர் சொன்ன பிறகு, ஆபரேஷன் நாள் வரைக்கும் சில வாரங்கள் இடையில் இருக்கும். அந்த வாரங்களை அழுது கழிப்பவர்கள் உண்டு, குறி கேட்டுக் கழிப்பவர்கள் உண்டு, அறுவடை முடியட்டும் என்று மாதக் கணக்கில் இழுப்பவர்களும் உண்டு. அந்த வாரங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து நோயைத் தெரிந்துகொண்டு, உடம்பையும் வீட்டையும் தயார் செய்துகொண்டால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். அதற்காகத்தான் இந்தப் பிரசுரம்.

சந்தேகம் தீர மூன்று சோதனைகள்

மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்க் கட்டிகள் இல்லை. ஆனால் எது சாதாரணக் கட்டி, எது கெட்ட கட்டி என்று தொட்டுப் பார்த்து மட்டும் எந்த டாக்டராலும் உறுதி சொல்ல முடியாது. வலிக்கவில்லை என்பதால் நல்ல கட்டி என்று எண்ணிவிட வேண்டாம். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை. பால் கொடுக்கும் தாய்மார்கள் "பால் கட்டியிருக்கும்" என்று விட்டுவிடுவதுண்டு. இரண்டு வாரத்தில் கரையாத எந்தக் கட்டியையும் காட்டிவிட வேண்டும். மார்புத் தோல் ஆரஞ்சுப் பழத் தோல்போல் குழிகுழியாவது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, அக்குளில் நெறி கட்டுவது, இவற்றையும் காட்ட வேண்டும்.

முதல் சோதனை, டாக்டர் இரு மார்பையும் அக்குளையும் தொட்டுப் பார்ப்பது. இரண்டாவது, மேமோகிராம் என்னும் மார்பு எக்ஸ்ரே, அல்லது ஸ்கேன். மூன்றாவதுதான் முக்கியமானது. கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவார்கள். இதற்கு பயாப்சி என்று பெயர்.

"சதை எடுத்தா கட்டி உடைஞ்சு உடம்பெல்லாம் பரவிடும்னு சொல்றாங்களே?" என்று கேட்காத ஊர் இல்லை. ஊசி போடுவதால் நோய் பரவாது. நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இறந்தார்கள். பழி ஊசிமேல் விழுந்தது, அவ்வளவுதான். பயாப்சி செய்யாமல் மார்பை எடுக்கச் சொன்னால், "சதை டெஸ்ட் முடிவு வந்த பிறகு செய்யலாமா?" என்று நீங்களே கேட்கலாம்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

பரிசோதனைச் சீட்டு உங்கள் சொத்து. நகல் எடுத்து ஒரு பையில் பத்திரமாக வையுங்கள். அதில் வரும் சில சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அளவு: கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று இருக்கும். 2 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு சிறு நெல்லிக்காய். 5 சென்டிமீட்டர் என்பது நல்ல எலுமிச்சம்பழம்.

ஸ்டேஜ், அதாவது நிலை: நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்லும். பொதுவாக முதல் நிலையில் சிறிய கட்டி மார்போடு நிற்கிறது. இரண்டாம் நிலையில் கட்டி பெரிது, அல்லது அக்குள் நெறிக்குப் போயிருக்கிறது. மூன்றாம் நிலையில் பல நெறிகளுக்கோ, மார்புத் தோலுக்கோ பரவியிருக்கிறது. நான்காம் நிலையில் எலும்பு, நுரையீரல், ஈரல் போன்ற இடங்களுக்குப் போயிருக்கிறது. முதல் மூன்று நிலைகளிலும் நோயை ஒழிக்கவே சிகிச்சை செய்கிறார்கள். நான்காம் நிலையிலும் நோயைக் கட்டுப்படுத்தி வாழ்நாளை நீட்டவும், வலியைக் குறைக்கவும் மருந்துகள் உண்டு.

கிரேடு, அதாவது தரம்: நோய் அணுக்கள் எவ்வளவு முரட்டுத்தனமாக வளர்கின்றன என்பதைக் காட்டும். 1, 2, 3 என்று போடுவார்கள். "கிரேடு 3" என்பதைப் பார்த்துவிட்டு, மூன்றாம் ஸ்டேஜ் என்று எண்ணி மனம் உடைந்து போகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு.

ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2: நோய் அணு எந்தத் தீனியைத் தின்று வளர்கிறது என்று காட்டும் சோதனைகள் இவை. ஈ.ஆர்., பி.ஆர். இருக்கிறது என்றால் பெண்மைச் சுரப்பு நீர் அதற்குத் தீனி. அதைத் தடுக்கும் டாமாக்சிபன் போன்ற மாத்திரையை 5 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சாப்பிடச் சொல்வார்கள். ஹெர்-2 இருந்தால் அதற்கென்று தனி ஊசி மருந்து உண்டு. ஒரே ஊரில் இரண்டு பெண்களுக்கு ஒரே நோய் வந்தும் வேறு வேறு மருந்து கொடுப்பதற்குக் காரணம் இதுதான். அடுத்த வீட்டுக்காரம்மாவின் சீட்டோடு உங்கள் சீட்டை ஒப்பிட வேண்டாம்.

முழு மார்பையும் எடுக்க வேண்டுமா?

நூறு ஆண்டுகளுக்கு முன் மார்போடு அதன் அடியில் உள்ள சதையையும் சேர்த்து எடுத்தார்கள். இத்தாலி நாட்டின் மிலான் நகரில் 1973 முதல் 1980 வரை, 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டி உள்ள 701 பெண்களை இரு பிரிவாக்கிச் சிகிச்சை செய்தார்கள். ஒரு பிரிவுக்குப் பழைய முறைப்படி முழு மார்பும் எடுக்கப்பட்டது. மறு பிரிவுக்குக் கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்துக் கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். 20 ஆண்டு கழித்து, 2002-இல் வந்த முடிவின்படி இரண்டு பிரிவினரும் ஒரே அளவுதான் உயிர் பிழைத்திருந்தார்கள்.

ஆகவே கட்டி சிறியதாக இருந்தால் மார்பைக் காப்பாற்றும் ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்குப் பிறகு கதிர் சிகிச்சையை, நம் ஊர்ப் பேச்சில் "கரண்ட் வைப்பதை", பெரும்பாலும் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சில வாரங்கள் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெள்ளிமலையிலிருந்து தினமும் போய்வர முடியுமா, டவுனில் உறவினர் வீட்டில் தங்க முடியுமா என்று முன்கூட்டியே யோசியுங்கள். மார்பை முழுதாக எடுத்தாலும் சிலருக்குக் கதிர் சிகிச்சை தேவைப்படும்.

கட்டி பெரிதாக இருந்தால் முதலில் மருந்து ஏற்றி, அதைச் சுருக்கி, அதன் பிறகு ஆபரேஷன் செய்வார்கள். "ஆபரேஷன் பண்ண பயந்து தள்ளிப் போடறாங்க" என்று எண்ணி ஊருக்குத் திரும்பிவிட வேண்டாம். அதுவே சரியான சிகிச்சை முறைதான்.

"கரும்பு வெட்டு முடியட்டும்"

இதுதான் நம் பகுதியின் பெரிய நோய். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குக் கரும்பு போய்ச் சேரட்டும். மரவள்ளி பிடுங்கி முடியட்டும். மகள் கல்யாணம் ஆகட்டும். ஆடி போய் ஆவணி வரட்டும். இப்படியே நாலு மாதம், ஆறு மாதம் போகிறது.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மனைவிக்குக் கார்த்திகையில் கட்டி தெரிகிறது. "ஏங்க, இங்க ஏதோ உருண்டையா இருக்குங்க" என்கிறாள். "வலிக்குதா?" "இல்லீங்க." "அப்ப விடு, தை பொறக்கட்டும்" என்கிறார் கணவர். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை, கையில் காசு இல்லை. தை போய் மாசியும் போகிறது. பங்குனியில் அக்குளில் நெறி கட்டுகிறது. கார்த்திகையில் நெல்லிக்காயாக இருந்தது இப்போது எலுமிச்சம்பழம். அன்று ஆபரேஷனோடு முடிந்திருக்கக்கூடிய சிகிச்சைக்கு, இன்று மருந்து ஏற்றுவது, ஆபரேஷன், கரண்ட் மூன்றும் தேவைப்படுகிறது.

பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் வெளியான ஒரு கணக்கு, புற்றுநோய் ஆபரேஷன் ஒவ்வொரு 4 வாரம் தள்ளிப் போகும்போதும் உயிருக்கு உள்ள ஆபத்து 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்கிறது. இன்றே ஓட வேண்டிய பாம்புக்கடி போன்ற அவசரம் இல்லைதான். இரண்டு மூன்று வாரம் சோதனைகளுக்கும் தயாரிப்புக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பருவம் காத்திருக்கக் கூடாது. கரும்பை ஆள் வைத்தும் வெட்டலாம்.

மூலிகைப் பற்று, மந்திரித்த கயிறு இவற்றால் கட்டி கரையாது. சாமிக்கு வேண்டிக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. வேண்டிக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.

எங்கே போவது? என்ன செலவு?

முதலில் உங்கள் ஊர் நர்சம்மாவிடம், அதாவது கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசம். கையால் தொட்டுப் பார்ப்பதில் என்ன வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரி 1998 முதல் சுமார் 1,50,000 பெண்களைக் கொண்டு 20 ஆண்டு ஆய்வு நடத்தியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப் பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்ததிலேயே, 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் இந்த நோயால் இறப்பது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். சிறுவங்கூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது. அங்கே முதலில் காட்டுங்கள். மேல் சிகிச்சை தேவையானால் புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களுக்கு எழுதிக் கொடுப்பார்கள். அடையாறு நிலையம் உருவான கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தைச் சுமந்து, பல ஆண்டு போராடி, 1954-இல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கி வைத்தார். புற்றுநோய் வந்தால் சாவுதான் என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் அட்டை இவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். கணவர் இந்த வேலையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வது நல்லது. ரயிலில் போகிறவர்கள் ஆஸ்பத்திரியில் அதற்கான படிவம் வாங்கினால் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். நகையை அடகு வைக்கும் முன், நிலத்தை எழுதிக் கொடுக்கும் முன், இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

ஆபரேஷனுக்குத் தயாராவது

ரத்தம்: நம் பெண்களில் பலருக்கு ரத்தச் சோகை. முன்கூட்டியே சோதித்து, டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். முருங்கைக் கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். நோய்க்குப் பயந்து பத்தியம் என்று பட்டினி கிடக்க வேண்டாம்.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு: சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் அட்டையோடு எடுத்துப் போய் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையையும், நாட்டு மருந்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவர்தான் சொல்ல வேண்டும். பழைய ஆபரேஷன், மருந்து ஒவ்வாமை, ஆஸ்துமா இருந்தாலும் சொல்ல வேண்டும்.

புகையிலை: வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தை இன்றே விடுங்கள். காயம் ஆறுவதை அது கெடுக்கும்.

ஆபரேஷன் நாள்: அன்று சாப்பிடக் கூடாது என்றால் ஒரு வாய் காப்பியும் கூடாது. மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சோறு நிறுத்தும் நேரம், தண்ணீர் நிறுத்தும் நேரம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பிளேடால் மழிக்க வேண்டாம். நகப்பூச்சும் மருதாணியும் வேண்டாம். விரல் நுனியில் மாட்டும் கருவி அதனால் தப்பாகக் காட்டலாம்.

தாலி: மூக்குத்தி, மெட்டி, வளையல், தாலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். ஆபரேஷன் அறையில் மின்சாரக் கருவி பயன்படுத்துவதால் உலோகம் உடம்பில் இருக்கக் கூடாது. இதற்காகவே ஆபரேஷன் வேண்டாம் என்று அழும் பெண்கள் உண்டு. முதல் நாளே வீட்டில் கழற்றி, கணவர் கையிலோ மாமியார் கையிலோ கொடுத்துவிட்டு, தங்கம் கோக்காத மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று நர்சைக் கேளுங்கள். பிழைத்து வந்து மறுபடி கட்டிக்கொள்ளத்தானே கழற்றுகிறோம்.

கையெழுத்து: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் மனைவி. கைநாட்டு வைப்பவராக இருந்தால் முழுதும் படித்துச் சொல்லக் கேட்ட பிறகே வைக்க வேண்டும்.

பையில் வைக்க வேண்டியவை: எல்லாச் சீட்டுகளும் படங்களும், காப்பீட்டு அட்டை, முன்பக்கம் திறக்கும் தளர்ந்த ரவிக்கை அல்லது நைட்டி, பழைய மெல்லிய தலையணை ஒன்று. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையைத் தாங்க அது உதவும்.

ஆபரேஷனுக்குப் பிறகு

காயத்திலிருந்து ஒரு ரப்பர் குழாய் வெளியே வந்து ஒரு குடுவையில் சேரும். உள்ளே தேங்கும் நீர் வடிவதற்காக அது. ஒன்று இரண்டு வாரம் இருக்கலாம். வடியும் அளவைத் தினமும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், அதிக ரத்தக் கசிவு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கையை அசைக்காமல் கட்டி வைத்தால் தோள் பிடித்துக்கொள்ளும். டாக்டர் சொன்ன நாளிலிருந்து தலை வாருவது, சுவரில் விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறுவது போன்ற பயிற்சிகளைச் செய்ய வேண்டும். ஆனால் குடம் தூக்குவதும் மரவள்ளி பிடுங்குவதும் டாக்டர் அனுமதித்த பிறகே. அக்குள் நெறியை எடுத்த கையில் நீர் கோத்து வீங்கலாம். அந்தக் கையில் கரும்புச் சோகை அறுக்காமலும் அடுப்புச் சூடு படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி போடவும் ரத்தக் கொதிப்பு பார்க்கவும் மறு கையைக் கொடுங்கள்.

எடுத்த சதையின் முழுச் சோதனை முடிவு வரச் சில வாரம் ஆகும். மேற்கொண்டு மருந்து ஏற்றுவதா, கரண்ட் வைப்பதா, மாத்திரையா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். "ஆபரேஷன்தான் ஆயிடுச்சே" என்று பாதியில் நிற்பவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து அதிகம். மருந்து ஏற்றினால் முடி கொட்டும். பிறகு முளைக்கும்.

கணவருக்கு ஒரு வார்த்தை

இந்த நோய் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், குழந்தையைத் தூக்கலாம். காயம் ஆறிய பிறகு தாம்பத்திய உறவுக்கும் தடையில்லை. மார்பு போனதும் "இனி நம்மள ஏறெடுத்துப் பாப்பாரா" என்ற கவலைதான் மனைவிக்கு நோயைவிடப் பெரிதாக இருக்கும். அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூடப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். உங்கள் மார்பில் கட்டி வந்தாலும் காட்டுங்கள். இந்த நோய் நூற்றில் ஒரு பங்கு ஆண்களுக்கும் வருகிறது.

கருத்தடை பற்றி இருவரும் டாக்டரிடம் பேச வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்த பெண் மாலா-என் போன்ற ஹார்மோன் மாத்திரைகளும் அந்தரா ஊசியும் எடுக்கக் கூடாது. சாயா மாத்திரை சாப்பிடுபவரும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்து ஏற்றும் காலத்திலும் டாமாக்சிபன் சாப்பிடும் காலத்திலும் கரு தங்கினால் சிசுவுக்குக் கேடு. காப்பர்-டி, ஆணுறை இவை ஏற்றவை. இனிக் குழந்தை வேண்டாம் என்றால் கணவர் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்வது மிக எளிது. ஒரு ஆபரேஷனைத் தாங்கியவள் இன்னொன்றையும் தாங்க வேண்டுமா? இனிமேல் குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் சிகிச்சை தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. சதை டெஸ்டில் என்ன வந்திருக்கிறது? எந்த ஸ்டேஜ்?
2. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 பார்த்தாயிற்றா?
3. மார்பைக் காப்பாற்ற முடியுமா? முடியாவிட்டால் ஏன்?
4. முதலில் ஆபரேஷனா, மருந்தா?
5. அதற்குப் பிறகு என்னென்ன சிகிச்சை, எத்தனை மாதம்?
6. காப்பீட்டில் எது எது வரும்?

இந்தத் தாளைக் கையிலேயே எடுத்துப் போங்கள். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கேளுங்கள். புரியாவிட்டால் மறுபடி கேளுங்கள். வீட்டுக்கு வந்து நாளும் தேதியும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். டாக்டர் கொடுத்த தேதியே நல்ல நாள்.